ஐஸ் பெட்டிக்குள் ஒரு பத்தியச் சாப்பாடு!

காலை ஆறரை மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பாருங்கள். இரவு ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம். காலை ஷிப்டுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் பஸ்கள் மறுபக்கம். இறங்குகிறவர்கள் முகத்திலும் தூக்கம், ஏறுகிறவர்கள் முகத்திலும் தூக்கம்! இரண்டு கூட்டமும் சந்திக்கிற ஒரே இடம் ரோட்டோர டீக்கடை. அங்கே அந்நேரத்துக்கே எண்ணெய்ச் சட்டி காய்ந்து, போண்டா மிதந்துகொண்டிருக்கும்.

அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து நேரே என்னிடம் வருகிறவர்கள்தான் என் காலை நேர நோயாளிகள். நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், மூலம், தூக்கமின்மை... கொஞ்ச காலமாகச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. நான் சித்த மருத்துவம் படித்து முடித்து வந்த புதிதில், சர்க்கரை என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். இன்று முப்பது வயதுக்காரர் வந்து உட்கார்ந்து, செல்போனில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டுகிறார்.

அப்படித்தான் ஒரு தம்பி வந்தார். வயது முப்பத்து நாலு. செய்யாறு பக்கத்துக்காரர். கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. எடை 91 கிலோ. இன்னும் சர்க்கரை நோயாளி ஆகவில்லை. ஆனால் வாசற்படியில் நிற்கிறார்.

நான் நாடி பார்த்து முடிப்பதற்குள் அவர் போனை நீட்டினார். அதில் ஒரு அட்டைப் பெட்டியின் படம்.

''டாக்டர், எங்க அக்கா நியூஜெர்சியில இருக்காங்க. மத்தியானம் இதைத்தான் சாப்பிடுறாங்களாம். ஐஸ்ல உறைஞ்ச சாப்பாடு. ஓவன்ல அஞ்சு நிமிஷம் வச்சா ரெடி. ஒரு பெட்டிக்கு 300 கலோரிக்குள்ளதானாம். எட்டு கிலோ இளைச்சிருக்காங்க. நானும் இங்க அதே மாதிரி ஒண்ணு வாங்கிச் சாப்பிட ஆரம்பிச்சிட்டேன். சரிதானே?''

பெட்டியின் மேலே இருந்த பெயர் 'லீன் குஸின்'. 'கொழுப்பு குறைந்த சமையல்' என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். பத்தியச் சாப்பாட்டைக் கடையில், அதுவும் ஐஸ் பெட்டியில் வைத்து விற்கிறார்கள் என்றால் எங்களைப் போன்ற வைத்தியர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டி எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்ற கதையைத் தெரிந்துகொள்ளாமல் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. சுவாரஸ்யமான கதை அது. கேளுங்கள்.

மோர்க் கடையில் தொடங்கியது!

1922-ஆம் வருஷம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம். அங்கே ஓர் அங்காடிக் கூடத்துக்குள் ஆப்ரஹாம் ஸ்டௌஃபர், மஹாலா ஸ்டௌஃபர் என்ற தம்பதி ஒரு சின்னக் கடை போட்டார்கள். என்ன கடை தெரியுமா? மோர்க் கடை! நம்பினால் நம்புங்கள். பிறகு உலகத்துக்கே உறைந்த சாப்பாடு விற்கப் போகிற நிறுவனம், மோர் விற்றுத்தான் கண் திறந்தது. கூடவே அந்த அம்மாள் வீட்டில் செய்து கொண்டுவந்த ஆப்பிள் பைக்கு நல்ல கிராக்கி. மகன்கள் வளர்ந்து தொழிலுக்கு வந்தார்கள். மோர்க் கடை ஹோட்டல் ஆயிற்று, ஒரு ஹோட்டல் பல ஹோட்டல்கள் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். ஹோட்டலுக்கு வந்து சாப்பிட்டவர்கள், 'இதையே வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துக்கொண்டு வேண்டும்போது சாப்பிட முடியுமா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு கிளையில் சமைத்த பண்டங்களை உறைய வைத்து விற்றுப் பார்த்தார்கள். நன்றாகப் போயிற்று. 1954-இல் அதற்கென்றே தனி ஆலை வைத்தார்கள்.

உறைய வைப்பது என்றால் நம் வீட்டு பிரிட்ஜில் குழம்பைத் தூக்கி மேல் தட்டில் வைப்பது போல அல்ல. இதற்குப் பின்னால் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற மனிதர் இருக்கிறார். 1910-களில் கனடாவின் லாப்ரடார் பனிப் பிரதேசத்தில் இருந்தபோது, அங்குள்ள இனூயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் விறைத்துப் போவதையும், மாதக் கணக்கில் கழித்து எடுத்தாலும் அது புது மீன் போலவே ருசிப்பதையும் பார்த்தார். மெதுவாக உறைந்தால் உணவின் உள்ளிருக்கும் தண்ணீர் பெரிய பெரிய பனிக் கட்டிகளாகி, திசுக்களைக் குத்திக் கிழித்துவிடும். உருகும்போது சாறெல்லாம் வடிந்து சக்கையாகிவிடும். சட்டென்று உறைந்தால் பனிக்கட்டி பொடிப்பொடியாக நிற்கும், திசு கிழியாது. இதைத்தான் அவர் 1920-களில் இயந்திரமாக்கினார். 1929-இல் அந்தத் தொழிலை 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றார். பனி வீட்டில் கற்ற பாடத்துக்கு நல்ல விலைதான்!

1950-களில் ஸ்வான்சன் என்ற கம்பெனி அலுமினியத் தட்டில் பாத்தி கட்டி, வான்கோழி ஒரு பக்கம், பட்டாணி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் என்று வைத்து 98 சென்டுக்கு 'டி.வி. டின்னர்' விற்றது. 1954 ஒரு வருஷத்தில் மட்டும் ஒரு கோடி தட்டு. டெலிவிஷன் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பழக்கத்துக்குப் பெயர் வைத்து ஊக்குவித்த புண்ணியமும் அதற்குத்தான். (இந்தப் புண்ணியம் நம் வீடுகளுக்கும் வந்துசேர்ந்து வெகு காலமாகிறது. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

ஸ்டௌஃபர் நிறுவனத்தை 1967-இல் வாங்கியது லிட்டன் இண்டஸ்ட்ரீஸ். மைக்ரோவேவ் ஓவன் செய்த கம்பெனி! ஓவன் செய்கிறவருக்கு அதில் சூடு பண்ணச் சாப்பாடு வேண்டும்தானே? 1969-இல் நிலாவுக்குப் போய்த் திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமையில் வைத்திருந்தபோது அவர்களுக்குக் கொடுத்ததும் ஸ்டௌஃபர் சாப்பாடுதான். 1973-இல் நெஸ்லே கைக்கு வந்தது.

ஒல்லியான பெட்டி

இனிதான் நம் கதாநாயகி வருகிறாள். 1981.

அன்றைய அமெரிக்காவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போய்விட்டார்கள். அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்க யாராலும் முடியவில்லை. அதே சமயம் உடம்பு ஏறிக்கொண்டே போகிறதே என்ற கவலை. நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சிப் புத்தகம் வெளிவந்த வருஷம் அது. ஜீன் நைடெட்ச் என்ற குடும்பத் தலைவி 1963-இல் தொடங்கிய 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற எடை குறைப்புச் சங்கம் ஊர் ஊராகப் பரவி, 1978-இல் ஹெய்ன்ஸ் கம்பெனி அதை விலைக்கு வாங்கியும் விட்டது. அந்தப் பெயரிலும் உறைந்த சாப்பாடு கடைகளில் இருந்தது. ஆனால் 'டயட்' சாப்பாடு என்றால் உப்புச் சப்பில்லாத தண்டனைச் சாப்பாடு என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள்.

ஸ்டௌஃபர்காரர்கள் அங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டினார்கள். 'ஹோட்டல் ருசி, ஆனால் 300 கலோரிக்குள்' என்று பத்து வகைப் பதார்த்தங்களோடு லீன் குஸினை இறக்கினார்கள். பெட்டியும் பார்க்க அழகு. கையில் எடுத்துக்கொண்டு போவதற்கு யாரும் கூச்சப்படவில்லை. விற்பனை எகிறியது.

300 கலோரி என்றால் எவ்வளவு? நம் கணக்கில் நடுத்தர அளவு இட்லி நாலு, ஒரு கிண்ணம் சாம்பார். அவ்வளவுதான். ஆக, அமெரிக்கர்கள் பெட்டி வாங்கித் தெரிந்துகொண்ட அளவு நம் பாட்டி தட்டிலேயே இருந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாலு இட்லியோடு எழுந்துவிடுகிறோமா நாம்? 'இன்னொண்ணு வச்சுக்கோ' என்று கரண்டி வருகிறது. பெட்டிக்குள் கரண்டி வராது! அந்தப் பெட்டியால் இளைத்தவர்கள் இளைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். பெட்டி காலியானால் சாப்பாடு முடிந்தது.

ஒரு கிராம் விவகாரம்

இந்தக் கதையில் நான் வாசகர்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிற இடம் இதுதான். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

கொழுப்பைக் குறைத்தால் ருசி குறையும். ருசி குறைந்தால் வியாபாரம் படுக்கும். அப்போது கை தானாக எதைத் தேடும்? உப்பை! உலகத்தில் எந்தச் சமையல்காரரைக் கேட்டாலும் இதையே சொல்வார். லீன் குஸின் விளம்பரங்களில், எங்கள் சாப்பாட்டில் கலோரி குறைவு, கொழுப்பு அளவோடு, சோடியம் எப்போதும் ஒரு கிராமுக்கும் கீழே என்ற பொருளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்கிறவர் காதில் 'ஒரு கிராம்' என்பது எப்படி விழும்? ஒரு சிட்டிகை என்பது போலத்தான் விழும்.

ஆனால் உடம்பு சோடியத்தை கிராமில் எண்ணுவதில்லை; மில்லிகிராமில் எண்ணுகிறது. ஒரு கிராம் என்றால் 1000 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்கிற எல்லையே 2000 மில்லிகிராம்தான். அமெரிக்கச் சட்டப்படி 'சோடியம் குறைந்தது' என்று ஓர் உணவைச் சொல்ல வேண்டுமானால் ஒரு பரிமாறலுக்கு 140 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு 'ஒரு கிராமுக்கும் குறைவு' என்றால்? சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் கேட்டவர் ஏமாந்தார். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இதை விசாரித்து, இந்த விளம்பரம் மக்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது என்று 1994-இல் தீர்ப்புச் சொன்னது. அடியில் பொடி எழுத்தில் '1000 மில்லிகிராம்' என்று போட்டிருந்தது கூட ஆணையத்துக்குப் போதவில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்று நம் ஊர்க் கடைகளிலும் 'ஆயில் ஃப்ரீ', 'சுகர் ஃப்ரீ', 'ஹை புரோட்டீன்' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டுகள் வந்துவிட்டன. கொட்டை எழுத்தை விட்டுவிட்டு, திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சோடியம் என்று ஓர் எண் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராம்தான் கணக்கு. இன்னொரு தந்திரமும் உண்டு. அந்த எண் 100 கிராமுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்று பார்க்க வேண்டும். 100 கிராமுக்குப் போட்டிருந்து, பாக்கெட் 350 கிராம் என்றால் மூன்றரை மடங்கு!

உப்பு விஷயத்தில் லீன் குஸினுக்கு வந்த போட்டியாளர் கதையும் வேடிக்கை. ஒமாஹா நகரத்தில் கான்அக்ரா என்ற பெரிய உணவு நிறுவனம். அதன் தலைவர் மைக் ஹார்பருக்கு 1985-இல் மாரடைப்பு. பிழைத்து வீட்டுக்கு வந்தவருக்கு அவர் மனைவி, கொழுப்பு, உப்பு குறைத்துப் பத்தியச் சமையல் செய்து போட்டார். அது ருசியாகவும் இருக்கவே, இதையே ஏன் விற்கக் கூடாது என்று தோன்றியது அவருக்கு. 1980-களின் கடைசியில் 'ஹெல்தி சாய்ஸ்' என்று உறைந்த சாப்பாடு வந்தது. நம் ஊராக இருந்தால் பத்தியம் போட்ட மகராசியை வாழ்த்திவிட்டு விட்டிருப்போம், அவர்கள் பிராண்டாக்கிவிட்டார்கள்! ஆனால் அது வந்த பிறகு போட்டி கலோரியோடு நிற்காமல் உப்புக்கும் வந்தது. நல்லதுதான். 1994-இல் அமெரிக்க அரசே, ஒரு முழுச் சாப்பாட்டை 'ஹெல்தி' என்று சொல்ல வேண்டுமானால் சோடியம் 600 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது.

டயட் என்ற சொல்லே கசந்தபோது

ஒரு காலத்தில் எந்தச் சொல் விற்றதோ, அதே சொல் பிறகு விற்கவில்லை. 2010-களில் புதுத் தலைமுறைப் பெண்கள், 'எதற்கு எப்போதும் எங்கள் எடையைப் பற்றியே பேசுகிறீர்கள்' என்று முகம் சுளித்தார்கள். உறைந்த சாப்பாட்டின் மேலேயே ஒரு சலிப்பு. புதிதாகச் சமைத்ததுதான் வேண்டும் என்றார்கள். 2015-இல் லீன் குஸின் தன் வேஷத்தை மாற்றியது. டயட் பேச்சை ஓரங்கட்டியது. நியூயார்க்கின் பெரிய ரயில் நிலையத்தில் எடை மெஷின் வைத்து, 'உங்கள் உடம்பை நிறுக்க வேண்டாம், உங்கள் சாதனையை நிறுப்போம்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். அடுத்த ஆண்டு, கம்ப்யூட்டரில் 'டயட்' என்ற சொல் வந்தாலே அதை மறைத்துவிடும் ஒரு கருவியைக்கூட வெளியிட்டார்கள். டயட் சொல்லி வளர்ந்தவர்களே டயட்டை அழிக்க ரப்பர் கொடுத்தார்கள்!

அதோடு முடிந்ததா? இல்லை. இப்போது உடம்பு இளைக்க ஊசி வந்துவிட்டது. 2025-இல் மௌஞ்சாரோ, வெகோவி இரண்டும் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. ஊசி போட்டுக்கொண்டால் பசி அடங்கிவிடுகிறது. கொஞ்சம்தான் சாப்பிட முடிகிறது. அந்தக் கொஞ்சத்திலேயே புரதமும் நார்ச்சத்தும் இருக்க வேண்டும் என்று, நெஸ்லே 2024-இல் 'வைட்டல் பர்சூட்' என்ற புதிய உறைந்த சாப்பாட்டை அமெரிக்காவில் அறிவித்தது. 1981-இல் பசியோடு இருப்பவருக்குச் சின்னப் பெட்டி. 2024-இல் பசியே இல்லாதவருக்குச் சின்னப் பெட்டி. பெட்டியின் அளவு பெரிதாக மாறவில்லை, சாப்பிடுகிறவர்தான் மாறிவிட்டார்.

தேரையர் காலத்தில் 'சி' ஷிப்ட் இல்லை

''அதெல்லாம் இருக்கட்டும், சித்த வைத்தியர் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?'' என்று கேட்பீர்கள்.

எங்கள் தேரையர் 'பிணியணுகா விதி' என்று நோய் வராமல் வாழும் முறையைச் சொல்லி வைத்திருக்கிறார். நேற்றுச் சமைத்த கறியை இன்று தொடக் கூடாது என்பது அதில் ஒன்று. அப்படியானால் மூன்று மாதம் முன்னால் சமைத்தது? அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நான் தீர்ப்பெழுதிவிடலாம். கல்லூரியில் இருந்து வந்த புதிதாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். இப்போது அவ்வளவு அவசரம் இல்லை. சித்தர் அந்த விதியைச் சொன்ன நாளில், நம் வெயிலில், மண் சட்டிக் கறி மறுநாளைக்குள் கெட்டுவிடும். கெட்டது வயிற்றைக் கெடுக்கும். மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகாது. செத்துப் போவதில்லை, கவனிக்கவும், தூங்குகிறது. சூடு கண்டால் விழித்துக்கொள்ளும். ஆகவே முறையாக உறைய வைத்த உணவு கெட்ட உணவு ஆகாது. உறைந்த பச்சைப் பட்டாணியில் சத்து நன்றாகவே நிற்கிறது என்பதையும் மறுக்க முடியாது. முதல் நாள் சோற்றில் நீர் ஊற்றிப் புளிக்க வைத்துப் பழைய சோறாகச் சாப்பிடுகிறவர்கள்தானே நாமும்!

என் கவலை வேறு. நம் ஊரில் அந்த மைனஸ் 18 கடைசி வரை நிற்கிறதா? ஆலையில் நிற்கும். குளிர் வண்டியிலும் நிற்கலாம். கடையில் இரவு ஐஸ் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறவர் உண்டு. 2012 வாக்கில் மணிக்கணக்கில் கரண்ட் போன நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். இன்று அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால் போதும். பாக்கெட்டுக்குள் பனித்தூள் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ, உள்ளே இருப்பது ஒரே கட்டியாக உருமாறி இருந்தாலோ, அது ஒரு முறை உருகி மறுபடி உறைந்தது என்று சந்தேகப்படுங்கள். வாங்காதீர்கள்.

அதே விதியில் தேரையர் பகலில் தூங்கக் கூடாது என்கிறார். இரவு முழுக்க நின்றுவிட்டு வருகிற பிள்ளையிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வருமா? தேரையர் காலத்தில் 'சி' ஷிப்ட் இல்லை. ஆகவே அவரிடம் வருகிற விதியைப் பிடிப்பதை விட, அவர் காரணத்தைப் பிடிக்க வேண்டும். இரவு விழித்தால் வாதமும் பித்தமும் மிகும், செரிமானத் தீ மந்தமாகும் என்கிறோம் நாங்கள். நள்ளிரவில் உடம்பு சர்க்கரையைப் பகலைப் போல் கையாள முடிவதில்லை என்கிறது நவீன மருத்துவம். பாஷைதான் வேறு. இரண்டும் சொல்வது, இரவு இரண்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிடாதே என்பதைத்தான்.

ஏழு நாள் கணக்கு

சரி, தம்பியிடம் வருவோம். அவர் வாங்கியது சென்னையில் இருந்து வரும் ஏதோ ஒரு 'டயட்' பாக்கெட். சாமை சாதமும் காய்கறியும் என்று போட்டிருந்தது. ராத்திரி டியூட்டிக்குப் போகுமுன் ஒன்பது மணிக்கு அதைச் சாப்பிடுகிறார். கேண்டீன் சாப்பாட்டை விட்டுவிட்டார். மூன்று வாரம் ஆகியும் எடை இறங்கவில்லை. ஒரு கிலோ ஏறியிருக்கிறது!

''தம்பி, ஏழு நாள், வாயில் போட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கிட்டு வாங்க. மருந்து அப்புறம் தர்றேன்'' என்றேன்.

எழுதிக்கொண்டு வந்தார். நேர்மையான பிள்ளை. ஒன்பது மணிக்குப் பாக்கெட். பன்னிரண்டுக்குப் பிஸ்கெட், டீ. இரண்டரைக்குப் பசி தாங்காமல் பன் பட்டர் ஜாம், மறுபடி டீ. காலையில் கூட்டு ரோட்டில் போண்டா மூன்று, டீ. வீட்டுக்குப் போனால் மனைவி வேலைக்குக் கிளம்புமுன் செய்து வைத்த பொங்கல். டீ மட்டும் நாளைக்கு ஐந்து, எல்லாம் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. சின்னப் பெட்டி மிச்சம் பிடித்ததைப் பெரிய ராத்திரி தின்றுவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் வந்தது. அப்புறம் லாரி, புல்லட், டயர், செல்போன் என்று இந்த வயற்காடு முழுக்க ஆலை ஆயிற்று. சாப்பாட்டைப் பற்றி யாரும் அந்த வேகத்தில் யோசிக்கவில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கேண்டீன் வைக்கச் சொல்லி இருந்தது. கேண்டீன் இருக்கிறது; அதில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் ஊரறிந்த செய்தி. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் சுத்தமான, அளவான பாக்கெட்டைத் தேடிப் போகிறார் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாகச் சொன்னது. வாசற்படியில் நிற்பவர்கள் அதைவிட அதிகம். அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர்.

பொங்கலுக்கு அக்கா ஊருக்கு வந்திருந்தார். தம்பியோடு என்னைப் பார்க்கவும் வந்தார்.

''பெட்டி மட்டும் சாப்பிட்டா எனக்கும் பசிக்கும் டாக்டர். அது கூட ஒரு கிண்ணம் நிறையக் கீரையோ, புரோக்கோலியோ வேக வச்சுக்குவேன். உப்புப் போட மாட்டேன், அதான் பெட்டியிலயே இருக்கே. ஒரு டம்ளர் மோர். சாயங்காலம் நடப்பேன். இதையெல்லாம் இவன்கிட்ட போன்ல சொன்னேன். இவன் பெட்டியை மட்டும்தான் காதுல வாங்கியிருக்கான்!''

தம்பி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மோர் என்றதும் எனக்கு அந்தக் கிளீவ்லாந்துக் கடைதான் ஞாபகம் வந்தது.

நான் பாக்கெட்டை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மனைவிக்கும் இரவு டியூட்டி வருகிற நாட்களில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதோடு சுண்டலோ, அவித்த முட்டையோ, வெள்ளரிக்காயோ கட்டாயம். மற்ற நாட்களுக்கு அந்தப் பெட்டியின் தந்திரத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம். அவர்கள் வீட்டில் இரண்டு அடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருந்தது. கீழ் அடுக்கில் கூட்டோ பொரியலோ பருப்போடு. மேலே சின்ன அடுக்கில் சாதம் அல்லது மூன்று சப்பாத்தி. சாதம் அந்த அடுக்கைத் தாண்டக் கூடாது. ஒன்பது மணிக்குச் சாப்பிடாமல், ஷிப்ட் நடுவில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். இரண்டரை மணிப் பசிக்குக் கொண்டைக்கடலை ஒரு பிடி, பிளாஸ்கில் சீரகத் தண்ணீர் அல்லது நீர் மோர். டீ இரண்டு, சர்க்கரை அரை ஸ்பூன். காலையில் கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். போண்டாக் கடைக்காரர் என்னைத் திட்டுவார், திட்டட்டும்! மலச்சிக்கலுக்குப் படுக்குமுன் திரிபலா சூரணம் கொடுத்தேன். சர்க்கரைக்கு இப்போதைக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் எந்தக் கம்பெனியின் பாக்கெட்டானாலும் சோடியம் பார்க்காமல் தொட வேண்டாம்.

''கேண்டீன்ல எங்க லைன்காரங்க எல்லாம் என் டிபன் பாக்ஸை எட்டிப் பாக்குறாங்க டாக்டர். ரெண்டு பேரு கொண்டுவர ஆரம்பிச்சிட்டாங்க'' என்றார் போன வாரம் வந்தபோது. எடை 88. இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறதாம். ஓட்டையைக் காட்டவே செய்தார். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டோடு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.